ரெண்டு கை அலுமினியம்

அல்சூர்
5 நவம்பர் 2025, புதன்

தினேஷ்,

அக்கா நம்பரையே பிளாக் பண்ணிட்டவனுக்கு சௌக்கியமான்னு எழுத எனக்குக் கை வரல. நேரா விஷயத்துக்கு வரேன். வேன் டிரைவர் லாயிட் எப்படியும் உங்க ஃபவுண்டரியில இருந்து சாம்பிள் பெட்டிய எங்க லேபுக்குக் கொண்டு வந்துட்டு, வேனோட ஆஸ்டின் டவுன் வீட்டுக்குத்தான் திரும்பறார். நீலசந்திரா அவருக்கு வழிதான். "இந்தக் காலத்துல லெட்டரா மேடம்?"னு சிரிச்சார். சிரிங்க, ஆனா கொடுத்துடுங்கன்னேன்.

உன்ன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 24ஆம் தேதி விசாரணையாமே. 'கவனக்குறைவு'ன்னு முடிவாச்சுன்னா வேலை போயிடும். அந்தப் பேரோட வெளிய வர்ற மெல்டரை ஆனேக்கல்ல இருந்து ஓசூர் வரைக்கும் எவனும் உலை பக்கத்துல விட மாட்டான். அந்த வார்த்தைய ரிப்போர்ட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான். 

ஆனா நீயே சொல்லு, வேற என்ன எழுதறது? எண்ணூறு டிகிரியில வருஷக்கணக்கா சுத்த வேண்டிய ரோலர். மத்த உலோகமெல்லாம் சூட்டுல தளரும், இந்த நிக்கல் அலுமினியக் கலவை மட்டும் சூடு ஏற ஏற பலம் கூடும். அதுக்காகத்தான இவ்வளவு பாடு பட்டோம். அந்த ரோலர் கஸ்டமர் உலைக்குள்ள போகவே இல்ல. கஸ்டமர் வாசல்ல கிரேன்ல இருந்து தரையில வெக்கறப்பவே ரெண்டா பிளந்து போச்சு. உடைஞ்ச முகத்தை கஸ்டமர் எடுத்து அனுப்பின மைக்ரோஸ்கோப் படத்துல பார்த்தேன். மணி மணியா பிரிஞ்சிருக்கு. மணிக்கும் மணிக்கும் நடுவுல போரான் போய் நின்னு பிடிச்சுக்கணும், பிடிக்கல. ஊத்தறதுக்கு முன்னாடி உலையில இருந்து பொத்தான் அளவு நீ எடுத்த பட்டன் சாம்பிள்ல போரான் சரியா இருக்கு. அலுமினியம், குரோமியம், சிர்கோனியம் எல்லாமே சரியா இருக்கு. எல்லாம் சரின்னா மிச்சம் என்ன? உருக்கற மூசை சுத்தமில்ல, கந்தகம் கலந்துடுச்சு, உருக்கினவர் கவனிக்கல. அதைத்தான் எழுதினேன்.

கோபம்னா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

யசோ


நீலசந்திரா
7 நவம்பர், வெள்ளி

மதிப்பிற்குரிய யசோதரா மேடம் அவர்களுக்கு,

இனிமே அப்படித்தான கூப்பிடணும்? ரிப்போர்ட்ல என் பேரு கூட இல்லையே. 'உருக்குபவர்.' முப்பத்தாறு வருஷமா தம்பியா இருந்தவன், ஒரே பக்கத்துல உருக்குபவரா ஆயிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் மேனேஜரான வைத்தீஸ்வரன் சார் அந்த வரிய என் முன்னாடி சத்தமா படிச்சார். படிச்சுட்டு, "யார் கையெழுத்துன்னு பாருப்பா"ன்னு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அங்க எல்லாருக்கும் தெரியும் நீ எனக்கு யாருன்னு. என் ஹெல்பர் டெஸ்மண்ட் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் குனியல. எனக்குக் காது ரெண்டும் எரிஞ்சுது.

கந்தகமாம்! அம்மா சோத்துப் பானைய விட என் மூசை சுத்தமா இருக்கும். கிரீஸ் பட்ட கையுறையோட பக்கத்துல வந்தவனை நான் அடிக்கவே போயிருக்கேன். நீ வந்து பார்த்தியா? கேட்டியா? ஒரு போன் போட்டு, "டேய், அன்னிக்கு என்னடா நடந்துச்சு"ன்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரிப்போர்ட் கொடுத்த பிறகு பதினோரு தடவை கால் பண்ற. அதான் பிளாக் பண்ணேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் காலையில டிபன் கட்டி வெக்கறாங்க. நானும் டப்பாவ எடுத்துக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி கிளம்பறேன். நடந்து நடந்து அல்சூர் ஏரி வரைக்கும் வந்து, அங்க கம்பிய ஒட்டி நின்னே தின்னுட்டுத் திரும்பறேன். உக்கார முடியல. உன் தெரு வழியா வராம சுத்திக்கிட்டுப் போறேன், அது வேற ஒரு கிலோமீட்டர்.

நீ பார்த்தது நான் எடுத்த பட்டனை. உடைஞ்சது ரோலர். அது யார்ட்ல மழையில நனைஞ்சுக்கிட்டுக் கிடக்கு. அதுல இருந்து ஒரு துண்டாவது எவனாவது வெட்டினானா?

தினேஷ்


அல்சூர்
10 நவம்பர், திங்கள்

தினேஷ்,

வெட்டல.

உன் லெட்டரோட கடைசி வரிய நாலு தடவை படிச்சேன். பட்டன் நம்பரையே ரோலர் நம்பரா எழுதறதுதான் எல்லா லேபோட வழக்கமும். இருவது வருஷமா அப்படித்தான் பண்றோம், நானும் யோசிக்கல. யோசிச்சிருக்கணும். இன்னிக்கு வைத்தீஸ்வரன் சார்கிட்ட போன்ல கேட்டேன், ரோலர்ல ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி. "ரிப்போர்ட் கொடுத்துட்டு இப்ப ஏம்மா?"ன்னார். விசாரணைக்கு முன்னாடி வேணும் சார்னு விடாப்பிடியா நின்னேன்.

இன்னொன்னு சொல்லணும். சொல்லாம விட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அந்த ரிப்போர்ட்ட எழுதறப்ப எனக்கு ஒரே நினைப்பு: தம்பிய காப்பாத்திட்டாளேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது. உருக்கினது வேற யாராவதா இருந்திருந்தா 'மேலும் ஆராய வேண்டும்'னு ஒரு வரி போட்டு நிறுத்தியிருப்பேன். நீங்கறதால கறாரா, இன்னும் கறாரா எழுதினேன். பேரை எழுதாததும் அதுக்குத்தான், எழுதினா கறார் போயிடும்னு. இது நியாயமா, அநியாயமான்னு நீயே சொல்லு.

மனசு ஒரு இடத்துல நிக்கல. கலவைய முதல்ல இருந்து யோசிச்சுப் பார்க்கறேன். குரோமியம் போட்டது சூட்டுல காத்து உள்ள புகுந்து மணி எல்லையைக் கெடுக்காம இருக்க. சிர்கோனியம் அலுமினியத்தோட இடத்துல போய் உக்காரும், ஆனா உருவத்துல பெருசு. சிவாஜிநகர் பஸ்ல மூணு பேர் சீட்ல ஒரு பயில்வான் உக்காந்த மாதிரி. பக்கத்துல ஒருத்தரும் அசைய முடியாது, அதுதான் பலம். போரான் இத்தனூண்டு, ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அது இல்லாட்டி மத்த ரெண்டும் இருந்து புண்ணியமில்ல. அந்த இத்தனூண்டு இருந்துச்சு, ஆனா வேலை செய்யல. ஏன்?

ஏரிக்கு வர்றவன் வீட்டுக்கு வாடா. நின்னுக்கிட்டாவது சாப்பிடு.

யசோ


நீலசந்திரா
13 நவம்பர், வியாழன்

அக்கா,

அநியாயம். கேட்டதால சொல்றேன்.

துண்டு வெட்டிட்டாங்க. டெஸ்மண்ட் வெட்டினான், லாயிட் பெட்டியில இன்னிக்கு வரும். எந்த ஓரத்துல வெட்டினான்னு சாக்பீஸ்ல குறி போட்டிருக்கான். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. உங்க மெஷினை ஆமை மாதிரி ஓட்டாம சீக்கிரம் பாரு.

சும்னே வீட்டுல இருக்க முடியல. நேத்து மிக்சிய கழட்டிப் போட்டேன், நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப ஓடல. அம்மா அம்மிய எடுத்துட்டாங்க. அது திட்டறதை விட மோசம்.

வீட்டுக்கு வர மாட்டேன். அந்த பஸ் கதைய நான் ஒத்துக்கறேன், பயில்வான் நல்லா இருந்தான்.

தினேஷ்


அல்சூர்
17 நவம்பர், திங்கள்

தினேஷ்,

பார்த்துட்டேன். மூணு இடத்துல பார்த்தேன், என் ஜூனியர் அனுஷாவையும் தனியா பார்க்கச் சொன்னேன். ஒரே நம்பர்தான் வருது.

கந்தகம் இல்ல. துளி கூட இல்ல. உன் மூசை சுத்தம். அம்மா பானைய விட சுத்தம். நான் எழுதினது பொய். தெரிஞ்சு சொன்ன பொய் இல்லன்னாலும் பொய்தான். மன்னிச்சுக்கோ.

ஆனா அலுமினியம் 25.1 இருக்கு. நூறு அணுவுல இருபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. போரான் ஏன் வேலை செய்யலன்னு கேட்டேனே, இதான். அலுமினியம் நாலுல ஒரு பங்குக்குக் கீழ, இருபத்து நாலு கிட்ட இருக்கற வரைக்கும்தான் போரான் எல்லையில நின்னு பிடிக்கும். கால் பங்கைத் தாண்டினா போரான் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்ப என் பங்கைச் சொல்லிடறேன். ஆகஸ்ட்ல ஊத்தின டிரையல் ரோலர்ல அலுமினியம் குறைஞ்சு பலமே வரல, ஞாபகம் இருக்கா? பட்டன் நம்பர் வர்ற வரைக்கும் உலோகம் உலையில கால் மணி நேரம் காத்திருக்கு, அதுக்குள்ள அலுமினியம் எரிஞ்சுடுது. அதுக்காக சார் உன்ன எல்லார் முன்னாடியும் திட்டினார்னு லாயிட் சொன்னார். அதனால அடுத்த ஹீட்டுக்கு, அதான் இந்த ரோலரை ஊத்தின உருக்குக்கு, எடை எழுதி அனுப்பின ஷீட்ல, எரியறதுக்குன்னு இருநூறு கிராம் முன்கூட்டியே கூட்டி எழுதிட்டேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா "என் கை மேல நம்பிக்கை இல்லையா"ன்னு குதிப்ப. அதான் பட்டன்ல 24.6 வந்துச்சு. காத்திருக்கறப்ப இருநூறு கிராம் எரிஞ்சு 24ல வந்து நிக்கணும்.

குறைய வேண்டியது கூடியிருக்கு தினேஷ். கணக்குப் போட்டா நானூறு கிராம் அதிகம். அது தானா வராது. பட்டன் எடுத்த பிறகு நீ என்ன போட்ட? கோபப்படாத, ஒளிக்காத. எனக்குத் தெரியணும்.

யசோ


நீலசந்திரா
19 நவம்பர், புதன்

அக்கா,

ரெண்டு கை.

ரெண்டு நாளா இந்த ரெண்டு வார்த்தைய எழுதறதும் கிழிக்கறதுமா இருந்தேன். பட்டன் எடுத்து அனுப்பிட்டேன். தரம் பார்க்கற கியூசி ரூம்ல இருந்து நம்பர் சொல்ல மாட்டாங்க, உனக்கே தெரியும். அளவுக்குள்ள இருந்தா "ஓகே, ஊத்து"ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓகே வந்துச்சு. ஆனா எனக்கு ஆகஸ்ட் ஞாபகம். அப்பவும் ஓகேதான் வந்துச்சு, அப்புறம் எரிஞ்சு குறைஞ்சு போச்சு. உங்க லேப் மீட்டிங்ல உன் ரெசிபியே தப்புன்னு உன்ன நிக்க வெச்சுக் கேட்டாங்கன்னு அதே லாயிட்தான் எனக்கும் சொன்னார். கஸ்மாலம், ரெண்டு பக்கமும் சொல்லியிருக்கார் மனுஷன்.

உன் ரெசிபி தப்பில்லன்னு எனக்குத் தெரியும். என் உலையிலதான் எரியுது. அதனால டப்பாவுல இருந்த அலுமினியக் குண்டுல ஒரு கை அள்ளிப் போட்டேன். மனசு கேக்கல. பெரிய ரோலர், முதல் ஆர்டர், அக்கா பேரு. இன்னொரு கை போட்டேன். என் ஒரு கை இருநூறு கிராம்தான் இருக்கும், எத்தனையோ தடவை தராசுல போட்டுப் பார்த்திருக்கேன்.

எழுதி வெக்கல. எந்த மெல்டரும் எழுத மாட்டான். எழுதினா அடுத்த நாளே டப்பாவுக்குப் பூட்டு போட்டுடுவாங்க. உன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா ஷீட்ல இல்லாததை எப்படிடா போடலாம்னு பாடம் நடத்துவ.

ஆக, நான் குறையுதுன்னு போட்டதை நீ ஏற்கனவே போட்டு வெச்சிருந்த. ரோலரை உடைச்சது நான்தான். என்ன பண்ணலாம் சொல்லு. நடந்து நடந்து செருப்பு தேஞ்சு போச்சு.

தினேஷ்


அல்சூர்
20 நவம்பர், வியாழன்

டேய் தினேஷ்,

இதைப் படிச்சுட்டு கத்தாத. முடிஞ்சு போச்சு.

இன்னிக்கு மத்தியானம் வைத்தீஸ்வரன் சாருக்கு எழுத்து மூலமா கொடுத்துட்டேன். என் ரிப்போர்ட் தப்பு, கந்தகம் இல்ல, அலுமினியம்தான் அதிகம். ஷீட்ல இருநூறு எழுதினது நான். மிச்ச நானூறையும் பட்டன் எடுத்த பிறகு போடச் சொல்லி போன்ல சொன்னதும் நான்தான். உருக்கினவர் சொன்னதைச் செஞ்சார். மொத்தம் அறுநூறு கிராம், அறுநூறும் என் பொறுப்பு. அப்படித்தான் எழுதியிருக்கேன்.

எனக்கு லேப்ல என்ன ஆகும்னு கேக்காத. ஏதாவது ஆகும், பார்த்துக்கலாம். எனக்கு வேற இடம் கிடைக்கும். 'கவனக்குறைவு'ங்கற பேரோட உனக்குக் கிடைக்காது. திங்கட்கிழமை உன்கிட்ட கேட்டா, ஆமா, அக்கா போன்ல சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. டப்பா, ரெண்டு கை, ஒண்ணும் வாயில வரக் கூடாது. வாழ்க்கையில ஒரு தடவையாவது நான் சொன்னபடி கேளு.

யசோ


நீலசந்திரா
20 நவம்பர், வியாழன்

அக்கா,

திட்டுறதா இருந்தா நேர்ல வந்து திட்டு, வாங்கிக்கறேன்.

காலையில பஸ் பிடிச்சு ஆனேக்கல் போயிட்டேன். கேட்டுக்குள்ள விடல, வாட்ச்மேன் கையில வைத்தீஸ்வரன் சாருக்கு லெட்டர் கொடுத்துட்டு வந்தேன். எல்லாம் நான்தான்னு எழுதிட்டேன். ரெண்டு கை, நானூறு கிராம், நான் போட்டது. ஷீட்ல இருக்கற அந்த இருநூறும் உன்னுது இல்ல, நீ சரியாத்தான் அனுப்பின, நான்தான் பேனாவால திருத்தி எழுதினேன்னு சொல்லியிருக்கேன். உன் எழுத்து மாதிரியே எழுத எனக்கு வரும். நாலாம் கிளாஸ்ல உன் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைப் போட்டவன் நான்தான, மறந்துட்டியா?

ஆக அறுநூறும் என் தலையில. உனக்கு அந்தக் கையெழுத்துதான் பொழப்பு. ரிப்போர்ட்ல போட்டதை வாபஸ் வாங்கினா நாளைக்கு உன் கையெழுத்தை எவன் நம்புவான்? எனக்கு என்ன, எலக்ட்ரிக் ஆட்டோ ஓட்டுவேன். நிஜமாவே விசாரிச்சு வெச்சிருக்கேன்.

திங்கட்கிழமை நீ வாயத் திறக்காத.

தினேஷ்


அல்சூர்
22 நவம்பர், சனி

முட்டாளே,

லாயிட் நேத்து சாயங்காலம் உன் லெட்டரை என் கையில கொடுத்துட்டு, என் லெட்டரை வாங்கிக்கிட்டுக் கிளம்பினார். நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள வைத்தீஸ்வரன் சார் போன். எடுத்த உடனே, "ஏம்மா, அறுநூறு கிராம் தப்புக்கு எனக்கு ஆயிரத்து இருநூறு கிராம் ஒப்புதல் வந்திருக்கு. மிச்ச அறுநூறை நான் எங்க வெச்சுக்கறது?"ன்னு கேட்டார்.

எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் நாற்காலியில உக்காந்து அழுதேன். அனுஷா தண்ணி கொண்டு வந்து வெச்சா.

அந்த மனுஷன் நல்லவரா கெட்டவரான்னு எனக்கு இன்னும் தெரியல. "ரெண்டுல எது பொய்னு நான் கண்டுபிடிக்க மாட்டேன், ரெண்டையும் கிழிச்சுப் போடறேன். திங்கட்கிழமை ஒரே மேஜையில உக்காந்து ஒரே காகிதத்துல எழுதிக் கொடுங்க. அதுலயும் கணக்கு உதைச்சுதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன்"னார்.

நாம ஒரே தப்பை ரெண்டாவது தடவையும் பண்ணியிருக்கோம் தினேஷ். அன்னிக்கு அலுமினியம், இப்ப பழி. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுட்டு, நல்லது பண்ணிட்டோம்னு நினைச்சுக்கறோம். எனக்கு வெக்கமா இருக்கு.

திங்கட்கிழமை என் இருநூறை நான் சொல்றேன், உன் நானூறை நீ சொல்லு. ஒரு கிராம் கூடவும் வேணாம், குறையவும் வேணாம். பயமாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

யசோ


ஆனேக்கல்
1 டிசம்பர், திங்கள்

அக்கா,

முதல் நாள். உலை எரியுது. மூசைக்குள்ள உலோகம் தளதளன்னு நிக்குது. பட்டன் எடுத்து அனுப்பிட்டேன், நம்பருக்குக் காத்துக்கிட்டிருக்கேன். அந்தக் கால் மணி நேரத்துலதான் இதை எழுதறேன். கை வெறும்கையா இருந்தா டப்பா பக்கம் போயிடும்.

அன்னிக்கு மேஜையில நீ எதிர்ல உக்காந்திருந்த. நான் உன் முகத்தையே பார்க்கல, பார்த்தா உடைஞ்சிருப்பேன். எனக்கு நாலு வார சஸ்பென்ஷனோட விட்டாங்க, ஃபைல்ல 'பதிவு செய்யாத சேர்ப்பு'ன்னு ஒரு வரி. அது நிஜம், அதனால வலிக்கல. 'கவனக்குறைவு'ங்கற வார்த்தைய அடிச்சுட்டாங்க. உனக்கு ஆறு மாசம் ரிப்போர்ட்ல கையெழுத்து கிடையாதுன்னு லாயிட் சொன்னார். உன்ன விட எட்டு வயசு சின்னவ அனுஷா போடப் போறாளாமே. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே பேஜாரா இருக்கு. நியாயம்தான்னு தெரியும், ஆனாலும் பேஜார். அதை இதுக்கு மேல எப்படி எழுதறதுன்னு தெரியல.

நீ அனுப்பின புது ஷீட் பார்த்தேன். கீழ ஒரு கோடு புதுசா போட்டிருக்க: 'பட்டனுக்குப் பிறகு சேர்த்தது, யார், எவ்வளவு.' டெஸ்மண்ட் அதைப் பார்த்து, "மெல்டரைப் பார்த்து இப்படியெல்லாம் கேக்கலாமா குரு?"ன்னான். கேக்கலாம்னேன். நம்பரை வாய் விட்டுச் சொல்லணும்னு கியூசி ரூமுக்கும் ஆர்டர் ஆயிருக்கு.

இப்ப சத்தம் வந்துச்சு. 24.6. உன் இருநூறு உள்ள இருக்கு, இனி எரிஞ்சு குறையும். கை அரிக்குது அக்கா, பொய் சொல்லல, பயங்கரமா அரிக்குது. ஆனா கோட்டுல எழுதிட்டேன்: தினேஷ், பூஜ்யம்.

உன் நம்பரை அன்பிளாக் பண்ணிட்டேன். இதைப் படிச்ச உடனே நீயும் போன் எடுப்ப, நானும் எடுப்பேன், ரெண்டு பேருக்கும் பிஸின்னு வரும். அதனால முன்கூட்டியே சொல்லி வெச்சுடறேன். நான் பண்ண மாட்டேன். நீ பண்ணு.

தினேஷ்